புனைகதை வழிக் காலப்பயணம்: மலையக வரலாற்றை முன்னிறுத்திய ஒரு நோக்கு

காலத்தைக் கடந்து செல்லவேண்டும் என்னும் வேட்கை மனித இனத்துக்குப் புதியதன்று. முக்காலமும் உணர்ந்த முனிவர்களைப் படைத்த எமது புராணங்களும் அவ்வேட்கையின் வெளிப்பாடுகளே. ஆங்கில எழுத்தாளரான எச். ஜி. வெல்ஸ் 1895ஆம் ஆண்டில் ‘கால இயந்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டு, அதற்கு ஓர் இயந்திர வடிவத்தையே கொடுத்தார். அந்நாவலின் தலைவன் பல இலட்சம் ஆண்டுகளைக் கடந்து எதிர்காலத்துக்குச் சென்று திரும்புகிறான். அவனுக்கு அதற்கோர் இயந்திரம் தேவைப்பட்டது. அவனது பயணத்தை வாசிப்போருக்கோ நூலொன்றே போதுமானதாயிற்று. அந்த நூலினூடாக நாம் எதிர்காலத்தை மட்டுமன்றி, அது எழுதப்பட்ட விக்டோரியா கால இங்கிலாந்தின் அச்சங்களையும் வர்க்கப் பிளவுகளையும் கண்டுகொள்கிறோம். எதிர்காலத்தைப் பற்றிய கதை, இன்று கடந்த காலமொன்றின் சான்றாகிவிட்டது.

இவ்வுண்மை வரலாறு பயிலும் மாணவர்களாகிய எம்மால் ஆழ்ந்து நோக்கப்பட வேண்டியதாகும். புனைகதை வாசிப்பு எந்த அளவுக்குக் கடந்த காலத்துக்கான பயணமாக அமைகிறது? அப்பயணத்தில் நாம் காண்பது உண்மைதானா? வரலாற்று ஆவணங்கள் கொண்டுசெல்லாத எவ்விடத்துக்கு அது எம்மைக் கொண்டுசெல்கிறது? இவ்வினாக்களை மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றோடும், அம்மக்களைப் பற்றி எழுந்த புனைகதைகளோடும் தொடர்புபடுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயத்தை நான் தேர்ந்தெடுத்தமைக்குச் சொந்தக் காரணமொன்றும் உண்டு. யான் பிறந்து வளர்ந்த டயகம, தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாகச் செல்லும் பாதையின் கடைக்கோடியில் உள்ளது. அதற்கப்பால் ஹோட்டன் சமவெளியின் காடுகளே உள்ளன. பேருந்து திரும்பிச் செல்லும் இடத்திற் பிறந்தவர்களுக்கு நூல்களே மேற்கொண்டு செல்லும் பாதையாக இருந்தன. லயத்துக் காம்பராவில் விளக்கருகே அமர்ந்து நான் படித்த முதற் பெருங்கதை, முன்னட்டையும் பின்னட்டையும் இழந்து, வீடு வீடாகக் கைமாறி வந்த ‘பொன்னியின் செல்வன்’. எமது லயத்திற் பலரும் சோழ நாட்டுக்குச் சென்று திரும்பியவர்களே. ஆயின் எமது பாட்டன்மாரின் காலத்துக்குச் சென்று வந்தவர்கள் அன்று எவரும் இருக்கவில்லை.

இரு பயணங்களும் ஒரே பாதையும்

கல்கி அந்நாவலை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். அதன் இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் கடல் கடந்து ஈழத்துக்கு வருகிறான். மாதோட்டத்திலிருந்து காட்டு வழியாகத் தம்புள்ளையை நோக்கிச் செல்கிறான். அப்பகுதியைப் படித்த தமிழ் வாசகருள் மகிழாதவர் இலர். வழிநெடுகப் படைகளும் ஒற்றர்களும் இளவரசரும் எதிர்ப்படுகின்றனர்.

பல்கலைக்கழகத்துக்கு வந்து இலங்கையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றைப் பயிலத் தொடங்கிய பின்னரே மற்றோர் உண்மையை யான் உணர்ந்தேன். மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து சென்றவர்கள் கற்பனை வீரர்கள் மட்டுமல்லர். 1820களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தோற்றம்பெற்று, பின்னர் விரிவடைந்தபோது, தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட ஆயிரமாயிரம் மக்கள் அவ்வழியாகவே நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே கொன்றன. சோழ இளவரசரைத் தேடி வந்தியத்தேவன் நடந்த காடும் எமது முன்னோர் நடந்த காடும் ஏறத்தாழ ஒரே காடேயாகும்.

ஆயினும் இவ்விரு பயணங்களுள் முதலாவதை என்னாற் கண்முன் காண முடிந்தது. இரண்டாவதைக் காண இயலவில்லை. முதலாவது பெரும்பாலும் கற்பனை. இரண்டாவது முற்றிலும் உண்மை. உண்மையாக நிகழ்ந்தது கண்ணுக்குத் தெரியாமலும், கற்பனையில் நிகழ்ந்தது தெளிவாகத் தெரிவதும் ஏன் என்னும் வினாவே என்னை இவ்வாய்வுக்கு இட்டுவந்தது.

2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் வருகையின் இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் பலர் நடைபயணம் மேற்கொண்டனர். அன்று நடந்தவர்கள் முன்னோரின் காலத்தைக் கால்களாலே தேடிச் சென்றனர் எனலாம். நூல்களிற் கிடைக்காத ஒரு பயணத்தை உடலால் நிகழ்த்திப் பார்க்க வேண்டிய தேவை ஒரு மக்கட் கூட்டத்துக்கு ஏற்படுமாயின், அவர்களது வரலாறு எழுதப்பட்ட முறையிற் குறைபாடுண்டு என்பது தெளிவு.

ஆவணங்கள் கூறுவதும் கூறாததும்

கோப்பித் தோட்டக் காலத்தைப் பற்றிய ஆவணங்கள் மிகுதியாகவே உள்ளன. எத்தனை ஏக்கர் பயிரிடப்பட்டது, எத்தனை அந்தர் ஏற்றுமதியாயிற்று, எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் திரும்பினர் என்பனவற்றை அவை கூறும். 1864ஆம் ஆண்டில் ‘ஆதிலட்சுமி’ என்னும் கப்பல் மூழ்கியதால் 120 தொழிலாளர் மாண்டனர் என்பர். அந்த நூற்றிருபது பேரின் பெயர்களையோ, அவர்கள் எந்த ஊரிலிருந்து எந்த நம்பிக்கையோடு புறப்பட்டார்கள் என்பதையோ நாம் அறியோம். ஆவணங்களை எழுதியோருக்கு அவை தேவைப்படவில்லை.

இக்காலத்தின் தமிழ்க் குரலைத் தேடிச் செல்வோருக்கு, 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ கிடைக்கிறது. அது புனைகதையன்று, செய்யுள் நூல். கோப்பிச் செய்கையின் வேலைகளைப் பாடும் அந்நூல், தோட்டத்தை நடத்துவோரின் பக்கம் நின்று பேசுவதென்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இருப்பினும் தோட்ட வாழ்வைப் பற்றி இந்நாட்டில் எழுந்த முந்திய தமிழ் நூல்களுள் ஒன்று என்ற வகையில் அதன் பயன் பெரிது. யார் பக்கம் நின்று பேசுகிறது என்பதை அறிந்துகொண்டால், பக்கச்சார்புள்ள நூலிலும் காலத்தைக் காணலாம். அந்நூல் வெளிவந்த அதே ஆண்டிலேதான் கோப்பி இலைகளைத் தாக்கிய பூஞ்சண நோய் இந்நாட்டில் முதன்முதலாக அவதானிக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரே ஏறத்தாழ அழிந்தொழிந்தது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வணிக நோக்கோடு பயிரிட்ட தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றத்தை வரலாற்று நூல்கள் பயிர் மாற்றமாகவே பெரிதும் விளக்கும். ஆனால் அது வாழ்க்கை மாற்றமுமாகும். கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறித்தபின் மக்கள் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் கைகளை வேண்டி நிற்பது. அதனாற் குடும்பங்களாக வந்து நிலைத்தனர். 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் புகையிரதம் எட்டியது. கங்காணியிடம் பட்ட கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டுத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. அம்முறை 1921இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இவை யாவும் பாடநூல்களில் உள்ளன. ஆயின் கடனோடு வேறு தோட்டத்துக்கு மாற்றப்பட்ட ஒருவன், புதிய லயத்திற் கழித்த முதலிரவிலே என்ன நினைத்தான் என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை.

நடந்ததைக் கூறுவது வரலாறு, நடக்கக்கூடியதைக் கூறுவது கவிதை என அரிஸ்டோட்டில் தமது ‘கவிதையியல்’ என்னும் நூலிலே வேறுபடுத்தினார். அவ்வேறுபாடு வரலாற்றைத் தாழ்த்துவதற்காக இங்கு எடுத்துக்காட்டப்படவில்லை. நடந்ததை எழுதியவர்கள் ஒரு சாராராக மட்டும் இருந்த இடங்களில், நடந்திருக்கக்கூடியதை எழுதியவர்களையும் நாம் கேட்க வேண்டியுள்ளது என்பதே எனது கருத்து.

வராதவர் எழுதிய கதை

மலையகத்தைக் களமாகக் கொண்டெழுந்த தமிழ்ப் புனைகதைகளுள் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ முற்பட்டவற்றுள் ஒன்று. 1935இல் ‘மணிக்கொடி’யில் அது வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் மருதி என்னும் பெண்ணின் துயரமே அதன் கரு. புதுமைப்பித்தன் இலங்கைக்கு வந்தவரல்லர். தாம் காணாத மலையை, தாம் கண்ட ஊர் மக்களின் வழியாக அவர் எழுதினார்.

இக்கதையை விடுமுறையொன்றிலே என் அப்பாயிக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். அவர் பதின்ம வயதிலேயே கூடை தூக்கியவர், எழுத்தறியாதவர். கதை முடிந்ததும் நெடுநேரம் பேசாதிருந்தார். எழுதியவர் இந்த நாட்டுக்கே வந்ததில்லை என்று நான் கூறியதும், “வந்து பாக்காமதான் எழுதுனாராய்யா? மலையப் பத்திச் சொல்றது அங்கங்க வேற மாதிரித்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு படுற பாடு நம்ம பாடுதான்” என்றார்.

விமரிசகர் ஒருவர் பல பக்கங்களில் நிறுவ வேண்டிய கருத்தை அவர் இரண்டு வாக்கியங்களிற் கூறிவிட்டார் என்றே நினைக்கிறேன். புனைகதை எம்மைக் கொண்டுசெல்லும் காலத்தில் இரு கூறுகள் உள. ஒன்று, புறப்பொருள்களாலான காலம்: மலை, லயம், கருவி, கூலி. மற்றையது, உறவுகளாலான காலம்: யார் யாருக்கு அஞ்சினர், யார் யாரை அடித்தனர், யாரிடம் முறையிட இயலாதிருந்தது என்பன. புதுமைப்பித்தன் முதலாவதிற் பிழைவிட்டிருக்கலாம்; இரண்டாவதிற் பிழைவிடவில்லை. அவ்வாறே, அசாம் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி முல்க் ராஜ் ஆனந்த் 1937இல் எழுதிய ‘இரண்டு இலைகளும் ஒரு மொட்டும்’ என்னும் ஆங்கில நாவலையும், ஆனைமலைத் தோட்டங்களிற் பணியாற்றிய மருத்துவரான பி. எச். டேனியல் 1969இல் வெளியிட்ட ‘சிவப்புத் தேநீர்’ என்னும் பொருள்படும் ஆங்கில நாவலையும் இவ்விடத்தில் ஒப்புநோக்கலாம். மலைகள் வேறு, மொழிகள் வேறு. ஆயினும் உறவுகளின் அமைப்பு ஒன்றே. வெவ்வேறு இடத்திலிருந்து புறப்பட்ட பயணிகள் ஒரே காட்சியைக் கண்டு வந்து சொல்வார்களாயின், அக்காட்சியை நாம் நம்பலாம்.

அதே வேளையில், வெளியிலிருந்து நோக்கிய கதைக்கு எல்லையும் உண்டு. ‘துன்பக்கேணி’ எழுதப்பட்ட காலத்திலே மலையகத்தில் வேறொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. 1931இல் இந்நாட்டிற் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டிற் கோ. நடேசையர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் மேடைகளிற் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். துயரக் கேணியாக மட்டும் மலையகத்தைக் காணும் பயணி, அக்கேணியிலிருந்து மேலேறி வர முயன்றோரைக் காணாது திரும்பிவிடக்கூடும்.

மலையிலிருந்து எழுந்த கதைகள்

1960களிலிருந்து மலையகத்தினுள்ளிருந்தே புனைகதைகள் பெருகலாயின. இங்கு ஒரு தற்செயல் நிகழ்வைக் குறிப்பிடல் வேண்டும். தமிழகக் கிராமத்தை விட்டுப் பச்சை மலைகளை நம்பி வந்தோரின் வாழ்வைக் கூறும் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரின் வாழ்வை அது எண்களாற் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது முடிவு. எஞ்சியோரும் 1974இல் இரு நாடுகளுக்குமிடையே சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஆக, வந்த கதை நூலாகிய ஆண்டிலேயே திரும்பிச் செல்லும் கதைக்கு ஒப்பமிடப்பட்டது. அன்று அந்நாவலைப் படித்த தோட்டத்து வாசகர் ஒருவர் இரு காலங்களில் ஒருங்கே நின்றிருப்பார்: நூலிலே பாட்டி கப்பலேறி வருகிறாள், வீட்டிலே பேரன் கப்பலேறுவதற்கான பத்திரங்களை நிரப்புகிறான்.

சி. வி. வேலுப்பிள்ளை 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். அத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது, வாக்குரிமையும் பறிபோயிற்று. அவரது நாவலின் தலைப்பு ‘வீடற்றவன்’ என்பதாகும். தோட்டத்தில் வீடு தொழிலோடு பிணைக்கப்பட்டது. தொழிலை இழந்தவன் காம்பராவையும் இழந்தான். ‘நாடற்றவர்’ என்னும் சட்டச் சொல்லுக்கு அன்றாட வாழ்விலே பொருள் ‘வீடற்றவர்’ என்பதே. சட்டத்தைப் படித்தால் முதற் சொல் விளங்கும். கதையைப் படித்தாலே இரண்டாவது விளங்கும்.

என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ ஆகிய சிறுகதைகளும் இவ்வகையிற் பெரும் பயனுடையன. முன்னையதிற் பெண்ணொருத்தி பறித்த கொழுந்தின் நிறையே கதையாகிறது. பின்னையதில், பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே காம்பராவிற் படுத்துறங்க நேரும் அவலம் கதையாகிறது. லயங்களின் நீள அகலங்களைக் கூறும் அறிக்கைகள் உள. அந்த நீள அகலங்களுக்குள் மானத்தோடு வாழ்தல் எவ்வளவு கடினமாயிருந்தது என்பதை ‘மீன்கள்’ ஒன்றே எனக்கு உணர்த்திற்று. 2022இல் மறைந்த ஜோசப், 1974இல் வெளியிட்ட தமது நாவலுக்குக் ‘காலங்கள் சாவதில்லை’ எனப் பெயரிட்டார். இக்கட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பில்லை. ஆயினும் அது அவருக்கே உரியது.

அறியாமல் விடப்பட்ட சான்றுகள்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு வேறுபாடு புலனாகும். கடந்த காலத்துக்கு எம்மைக் கொண்டுசெல்லும் புனைகதைகள் இரு வகையின. ‘பொன்னியின் செல்வன்’ போன்று, ஆசிரியர் தாம் வாழாத காலத்தை முயன்று படைப்பன ஒரு வகை. ஆசிரியர் தம் காலத்தையே எழுத, ஆண்டுகள் செல்லச் செல்ல அவையே பழங்காலமாகிவிடுவன மற்றொரு வகை.

வரலாற்று மாணவனுக்கு இரண்டாவது வகையே நம்பிக்கைக்குரியது என்பது எனது துணிபு. வரலாற்று நாவலாசிரியர் கல்வெட்டுகளையும் நூல்களையும் ஆராய்ந்தே எழுதுகிறார். ஆகவே அவர் கூறுவதை மூலச் சான்றுகளோடு ஒப்பிட்டுச் சரிபிழை காணலாம். அவர் கூற்றே சான்றாகாது. தம் காலத்தை எழுதுபவரோ, சான்று விட்டுச்செல்லும் எண்ணமே இன்றிப் பலவற்றை விட்டுச்செல்கிறார். பெரட்டுக்கு எந்நேரத்திற் கூடினர், கணக்கப்பிள்ளையை எவ்வாறு விளித்தனர், பிள்ளைக்காம்பராவிற் குழந்தையை விட்டு மலைக்கு ஏறும் தாய் எதைக் கையிற் கொண்டு சென்றாள், இஸ்தோப்பில் யார் அமரலாம், யார் நிற்க வேண்டும் என்பனவெல்லாம் கதையின் போக்கிலே வந்துவிழுகின்றன. அவர் அவற்றை வலியுறுத்துவதில்லை. எல்லோரும் அறிந்தவையே என எண்ணுகிறார். அதனாலேயே அவை பொய்யாக இருப்பதற்குக் காரணமில்லை.

தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாலே தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின் தோட்டக் காணிகளைப் பிரித்தெடுக்கும் முயற்சிகள் எழுந்தபோது தொழிலாளர் எதிர்த்தனர். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்திற் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். தோட்ட வைத்தியராகப் பணியாற்றிய ஞானசேகரன், அக்காலப் போராட்டத்தைப் பின்னணியாகக் கொண்டு 1979இல் இந்நாவலை வெளியிட்டார். அன்று அதனைப் படித்தவர்களுக்கு அது நேற்றைய செய்தி. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர்ப் பிறந்த எம்போன்றோருக்கு அது பயணம் செய்து காண வேண்டிய ஒரு காலம்.

இவ்வாறு கூறுவதால், புனைகதையை வரலாற்றுக்கு மாற்றாகக் கொள்ளலாம் என்று நான் வாதிடவில்லை. கதையாசிரியர் காட்டும் திசையிலேயே பயணி பார்க்கிறான். அவர் திரும்பிப் பாராத மூலைகள் இருளிலேயே இருக்கும். மலையகக் கதைகளுட் பெரும்பாலானவை ஆண்களால் எழுதப்பட்டவை. கோகிலம் சுப்பையாவைப் போன்ற சிலரை நீக்கினால், கொழுந்து பறிக்கும் பெண்ணை நாம் ஓர் ஆணின் கண்ணாலேயே காண்கிறோம். ஆகவே எந்தக் கதையிற் புகும்போதும் மூன்று வினாக்களைக் கையிற் கொண்டு செல்லல் வேண்டும். இது எப்போது எழுதப்பட்டது? எக்காலத்தைப் பற்றியது? யார் படிப்பதற்காக எழுதப்பட்டது? இவ்வினாக்களோடு செல்பவன் திரும்பி வரும்போது செய்திகளோடு வருவான். இவை இன்றிச் செல்பவன் கண்ணீரோடு மட்டும் வருவான்.

டயகமவின் 1956

இறுதியாக, யான் செல்ல விரும்பியும் செல்ல இயலாத ஓர் ஆண்டைப் பற்றிக் கூற விரும்புகிறேன்.

இலங்கை வரலாற்று நூல்கள் 1956ஐத் தனிச் சிங்களச் சட்டத்தின் ஆண்டாகவே நினைவுகூர்கின்றன. அது சரியே. ஆயின் அதே 1956இலே டயகமவிலும் ஒரு வரலாறு நிகழ்ந்தது. தொழிற்சங்க உரிமைக்கான வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிப் பிரயோகத்திற்கு ஏப்ரகாம் சிங்கோ என்னும் தொழிலாளி இரையானார். 1940இல் முல்லோயாவிற் கொல்லப்பட்ட கோவிந்தன் முதல் 1977இன் சிவனு லெட்சுமணன் வரை, தோட்டப் போராட்டங்களில் உயிரீந்தோரின் பட்டியல்களில் அவர் பெயரும் இடம்பெறுகிறது. நாட்டை மொழியால் இரண்டாகப் பிரிக்கும் சட்டம் இயற்றப்பட்ட அதே ஆண்டில், மிகப் பெரும்பாலும் தமிழரே உழைத்த ஒரு தோட்டத்தில், உழைப்பாளரின் உரிமைக்காக வீழ்ந்தவர் சிங்களப் பெயர் தாங்கிய ஒருவர் என்பதன் பொருள் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

பட்டியலிலே அவருக்கு ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரிக்குள் நான் நுழைய முயன்றேன், முடியவில்லை. அவர் எந்த லயத்தில் இருந்தார், தமிழ் பேசினாரா, எவரோடு தேநீர் அருந்தினார் என்பதை எனக்குக் காட்டும் கதை எதனையும் இதுவரை நான் படித்ததில்லை.

அப்பாயிக்கு அப்போது பத்து வயதளவில் இருக்கும். பல முறை கேட்டபின் ஒருநாள் கூறினார்: “அப்ப காலையில தப்புச் சத்தமே இல்லாம விடியும்யா. அதான் எனக்கு நல்லா ஞாபகம். சத்தமில்லாம விடிஞ்சா எங்க அம்மா பயந்துக்குவாங்க. அன்னைக்கு எங்கள எல்லாம் காம்பராவுக்குள்ள வச்சிக் கதவச் சாத்திட்டாங்க. ஒரு சிங்கள ஆளு போயிட்டாருன்னு பொழுதுபட்டுத்தான் பேசிக்கிட்டாங்க. அம்மா அவருக்காக அழுதாங்க. ஏன் அழுகுறாங்கன்னு அப்ப எனக்குத் தெரியல.” பின்னர், நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவதைக் கண்டு, “இதெல்லாம் எழுதுற விசயமாய்யா?” என வினவினார்.

எழுதும் விடயந்தான். தப்புச் சத்தமின்றி விடிந்த அக்காலைகளை எந்த அறிக்கையும் பதிவுசெய்திராது. மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு தமிழ்த் தாய் முகமறியாத சிங்களத் தொழிலாளிக்காக அழுதமை எந்தப் புள்ளிவிபரத்திலும் இடம்பெறாது. அப்பாயியின் நினைவு பத்து வயதுச் சிறுமியின் நினைவு. அது பிழைபடவும் கூடும். அதனாலேதான் அது ஏனையோரின் நினைவுகளோடும் ஆவணங்களோடும் ஒப்பிடப்படல் வேண்டும். ஒப்பிடுவதற்கான காலமோ குறுகிவருகிறது. 1956ஐக் கண்டோர் இன்று எண்பதை அண்மிப்போரும் கடந்தோருமே. கடந்த ஈராண்டுக்குள் எமது லயத்தில் மட்டும் அத்தகையோர் மூவர் மறைந்தனர். அவர்களிடம் எவரும் எதையும் கேட்டிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றவர் என்னும் நிலை மலையக மக்களைப் பொறுத்தவரை பெரிதும் நீங்கியது. பல்கலைக்கழகங்களில் இன்று எமது தொகையும் முன்னரிலும் கூடியுள்ளது. புதுமைப்பித்தன் காணாத மலையை எழுதினார். வேலுப்பிள்ளையும் இராமையாவும் ஜோசப்பும் தாம் கண்டதை எழுதினர். அவர்களது நூல்களினாலேயே நாம் பிறக்குமுன் இருந்த மலைகளிலே நடந்து திரும்பும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அவர்கள் எழுதாதுவிட்ட ஆண்டுகளுக்குச் செல்லும் பாதையை அமைப்பது வரலாறு பயில்வோர்க்கும் கதை எழுதுவோர்க்கும் பொதுவான கடமையாகும். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் வந்துள்ள மாணவர், விடுமுறைக்கு வீடு செல்லும்போது குறிப்புப் புத்தகமொன்றைக் கொண்டுசெல்வராயின், அப்பணி தொடங்கிவிடும்.

அடுத்த விடுமுறையில் அப்பாயியிடம் மற்றொன்றைக் கேட்க எண்ணியுள்ளேன். அன்றிரவு கதவைத் திறந்தபின் அவருடைய தாயார் எங்கே சென்றார் என்பதே அது.